வராத தோணிகளின் ரேடியோ

மைக்குக்கு வலது பக்கம் இன்ஸ்பெக்டர் நின்றார். இடது பக்கம் எங்கள் பெரிய டாக்டர் நின்றார். நடுவில் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும்.

கேட்பதற்குச் சின்ன விஷயம் போலத்தான் இருக்கும். ஒரு நர்ஸுக்கு அதைத்தான் முதலில் பழக்குவார்கள். எனக்கும் பழக்கிப் பார்த்தார்கள், வரவில்லை.

அந்த அறை முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கி வைக்கிற அறை. பினாயில் வாசனையோடு ஒலிபெருக்கி மெஷினின் வால்வுகள் சூடாகிற கருகல் வாசனையும் சேர்ந்து வரும். வெளியே கஞ்சி வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு போனது. மணி ஐந்து ஆகப் போகிறது என்று அர்த்தம். வார்டுகளில் பேச்சு அடங்கத் தொடங்கிவிட்டது. எல்லோரும் என் குரலுக்காகக் காத்திருந்தார்கள்.

அவர்கள் காத்திருக்கட்டும். முதலில் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். சென்ற இதழில் 'எங்கள் ஆஸ்பத்திரி ரேடியோ' என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். "சண்டைக் காலத்துத் தூத்துக்குடியில் ஆஸ்பத்திரிக்கென்று ரேடியோவா? அம்மா நன்றாக அளக்கிறார்கள்" என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். அளப்பதென்று இறங்கினால் என் அழகைப் பற்றி அளந்திருக்க மாட்டேனா? ரேடியோவைப் பற்றியா அளப்பேன்?

சுயம்பு அண்ணாச்சியின் குழாய்கள்

சுயம்பு அண்ணாச்சி கல்யாணங்களுக்கும் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கும் மைக் செட் வாடகைக்கு விடுகிறவர். சண்டை வந்ததும் ஊரே இருட்டடிப்பில் கிடந்தது. கொழும்பில் ஜப்பான்காரர்கள் குண்டு போட்ட பிறகு பாதிப் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடிவிட்டார்கள். கொடையும் இல்லை, கல்யாணமும் இல்லை. அண்ணாச்சியின் ஒலிபெருக்கிக் குழாய்களில் குருவி கூடு கட்டியது. அந்தச் சமயத்தில்தான் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொண்டு எங்கள் ஆண்கள் வார்டில் படுத்திருந்தார்.

"எம்மா, இந்த முனகலக் கேட்டுக்கிட்டே கெடந்தா நல்லா இருக்கவனும் செத்துருவாம்லா" என்று தினமும் என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

வீட்டுக்குப் போனவர், தையல் பிரித்த கொஞ்ச நாளிலேயே மாட்டு வண்டியில் மெஷினையும் மைக்கையும் குழாய்களையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். சும்மா தூங்குகிற சாமான், நோயாளிகளுக்காவது பாடட்டும் என்றார். வேப்ப மரத்துக்கும் பூவரச மரத்துக்கும் கம்பி இழுத்து, வார்டுக்கு ஒரு குழாய் கட்டினோம். வானத்தில் எதுவும் போகவில்லை, கம்பியில்தான் போனது. ஆனாலும் நாங்கள் அதை ரேடியோ என்றுதான் சொன்னோம். வயர்லெஸ் லைசென்ஸ் எங்கே என்று ஓர் அதிகாரி வந்து கேட்டார். "இம்புட்டு வயர் தொங்குதே சார், இது எப்பிடி வயர்லெஸ் ஆவும்?" என்று அண்ணாச்சி மரத்தைக் காட்டினார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

சம்பளம் யாருக்கும் கிடையாது. வேலை நேரம் முடிந்த பிறகு நான் பேசுவேன். அண்ணாச்சி கிராமபோன் பிளேட் போடுவார். மில்லில் கை நசுங்கி வந்த ஒருவர் கதை சொல்வார். நான் ஊரே கீர்த்தனை பாடுகிற நாசரேத்துக்காரி என்பதால் நன்றாகப் பாடுவேன் என்று நம்பி ஒரு தடவை என்னைப் பாடவிட்டார்கள். மறு தடவை கேட்கவில்லை.

மீன் விலையும் சொன்னோம். வெறும் கஞ்சியில் கிடந்தவர்கள் சீலா மீன் விலையைக் கேட்டுவிட்டு, வீட்டிலிருந்து குழம்பு கடத்தி வரச் செய்தார்கள். பெரிய டாக்டர் சீலாவுக்குத் தடை போட்டார். சாளை விலை மட்டும் சொல்ல அனுமதி கிடைத்தது.

முதல் குழாயைச் சங்கு குளிக்கிறவர்கள் படுத்திருந்த வார்டில்தான் கட்டினோம். ஆழத்தில் முங்கி முங்கிக் காது சவ்வு கிழிந்தவர்கள் அவர்கள். காது கேட்காதவர்களுக்குப் போய் முதல் ரேடியோ! அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அவர்களில் ஒருவர் கட்டில் மேல் ஏறி நின்று, குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வருது, வருது" என்று சிரித்தார். அந்தக் குழாயை நாங்கள் கழற்றவே இல்லை.

எங்களுக்குத் தோன்றாத ரகசியம்

தோணிப் பெயர்கள் வந்தது கஸ்பார் தண்டலால். தோணியை ஓட்டுகிற தலைவரைத்தான் எங்கள் பக்கம் தண்டல் என்பார்கள். கொழும்புக்கும் மலையாளக் கரைக்கும் பாய் விரித்து ஓடியவர், முட்டி வீங்கிக் கரையோடு நின்றுவிட்டார். பெண்கள் வார்டில் இருந்த தங்கையைப் பார்க்க வரும்போதெல்லாம், அன்று வந்து சேர்ந்த தோணிகளின் பெயர்களை ஜன்னல் வழியாகக் கத்துவார். கடலுக்குப் போன புருஷனையும் மகனையும் நினைத்துக்கொண்டு படுத்திருந்த பெண்கள் அதைக் கேட்ட பிறகுதான் கஞ்சியைக் கையில் எடுப்பார்கள்.

"ஏன் தண்டலே தொண்டையக் கிழிக்கிய? மைக்குல வந்து சொல்லுங்களேன்" என்றேன்.

அவருக்கு மைக்கைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் அவர் கரையிலிருந்து வந்து எனக்குச் சொல்வார், நான் மைக்கில் சொல்வேன். மாலை ஐந்து மணிக்கு நோயாளிகள் மட்டுமல்ல, மதிலுக்கு வெளியே கடற்கரைத் தெருப் பெண்களும் கூட்டமாக வந்து நின்று கேட்கத் தொடங்கினார்கள்.

சண்டைக் காலத்தில் கப்பல் போக்குவரத்தைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. அது எங்களுக்கும் தெரியும். ஆனால் கப்பல் வேறு, தோணி வேறு என்பது எங்கள் எண்ணம். அத்தனை பேர் கண்ணெதிரே பாய் இறக்குகிற தோணி எப்படி ரகசியமாகும்? பிறப்பு இறப்பைச் சொல்வது மாதிரிதான் இந்த ஊரில் தோணி வந்ததைச் சொல்வதும். அது குற்றம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. அவர் வெளியூர்க்காரர்.

"யாரும்மா இங்க எதிரிக்குச் சேதி சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

நான் கையில் மலப்பாத்திரத்தோடு நின்றேன். "எதிரி எந்த வார்டுல படுத்திருக்காரு சார்?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வந்து சேர்ந்த தோணியின் பெயர் ஒன்றுகூட இனி அந்தக் குழாயில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலை வெறும் பிளேட் போட்டோம். பெண்கள் வார்டில் பாதிக் கஞ்சி அப்படியே திரும்பி வந்தது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த தோணியைத்தானே சொல்லக் கூடாது என்றார்? மறுநாள் மைக்கின் முன்னால் உட்கார்ந்து, "இன்னும் வராத தோணிகள்" என்று ஆரம்பித்தேன். "வேலாயுதம், வரவில்லை. ரஹ்மத், வரவில்லை. அன்னம்மாள், வரவில்லை." கடலில் இருக்கிற எல்லாத் தோணிகளையும் சொல்வேன். ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தோணி வந்துவிட்டது. இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கே எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். தன் ஆளின் தோணிப் பெயர் வராமலே பட்டியல் முடிந்துவிட்டால், அந்தக் கட்டிலிலிருந்து ஒரு கூவல் கிளம்பும். அண்ணாச்சி மட்டும் பயந்து பயந்து வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரெஜினாவின் கால்

ரெஜினா புன்னைக்காயலில் பிறந்து கடற்கரைத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். என் வயதுதான் இருக்கும். கரையோரத் தண்ணீரில் நடந்தபோது திருக்கையை மிதித்துவிட்டாள். வால் முள் பாதத்துக்குள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது. பச்சிலைப் பத்து போட்டு வீட்டில் பார்த்துவிட்டு அவளைத் தூக்கி வரும்போது பாதம் கறுத்துவிட்டது. கட்டைப் பிரித்தால் பக்கத்துக் கட்டில்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் உயிர் போய்விடும் என்றார் பெரிய டாக்டர்.

அவள் மாட்டேன் என்றாள். அவள் வீட்டுக்காரர் சேவியர் 'சம்மனசு மிக்கேல்' தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் கடலில் இருக்கும்போது வீட்டில் எதையும் வெட்ட மாட்டார்கள். முடி, நகம், மரம், எதுவானாலும் தோணி கரை சேர்ந்த பிறகுதான்.

"முருங்கக் கொப்பக்கூட ஒடிக்க மாட்டோம் நர்ஸம்மா. நீங்க கால வெட்டச் சொல்லுதிய."

"ஏளா, வெட்டலன்னா நீ செத்துருவ."

"அவரு வரட்டும். வந்த பெறகு தலைய வெட்டுனாலும் சரி."

எனக்கு இந்த மாதிரி நம்பிக்கைகள் எதிலும் மரியாதை கிடையாது. வேத வசனமெல்லாம் எடுத்துவிட்டு அவளோடு மல்லுக்கட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒங்க நாசரேத்துல கடல் இல்லல்லா" என்று மட்டும் சொன்னாள்.

காய்ச்சல் ஏறியது. கறுப்பு கணுக்காலைத் தாண்டியது. தோணி வர வேண்டிய நாள் கடந்துவிட்டது. ஒவ்வொரு மாலையும் நான் "சம்மனசு மிக்கேல், வரவில்லை" என்று சொல்வேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

வாயை மூடினால் போதும்

இப்போது அந்த அறைக்கு வருவோம்.

வராத தோணிகளின் சூட்சுமம் இன்ஸ்பெக்டருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. "இன்னிக்குத் தோணின்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. வந்ததும் கூடாது, வராததும் கூடாது. பாட்டைப் போட்டுட்டு எழுந்து போங்க" என்றார்.

நான் பெரிய டாக்டரைப் பார்த்தேன். நமக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று நினைத்தேன். அவர் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"ரூபி, இது நல்லதுக்குத்தான். நீ எதுவும் சொல்லலைன்னா தோணி வந்துட்டதா ரெஜினா நினைச்சுப்பா. கொழும்புலேருந்து வந்தவங்களைக் குவாரன்டைன்ல நிறுத்தி வச்சிருக்காங்க, உன் புருஷன் வெட்டச் சொல்லி ஆள் அனுப்பினான்னு நான் சொல்லிக்கறேன். நாளைக்குக் காலையில ஆபரேஷன். நீ பொய்கூடச் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தா போதும்."

அவர் கெட்டவர் இல்லை. அதை எழுதாமல் போனால் பாவம். அந்தக் காலைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். பென்சிலின் என்று ஒரு மருந்து பட்டாளத்துக்குப் போகிறது என்று கேள்விப்பட்டு, அதற்காக யார் யார் காலிலோ விழுந்து பார்த்தவர் அவர். நான் பெயரைச் சொன்னால் ரெஜினா மறுபடியும் மாட்டேன் என்பாள். இன்னும் ஓரிரு நாளில் செத்துப்போவாள். அவர் சொன்னதில் எனக்குப் பிழை கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

ஆனால் அங்கே ரெஜினா மட்டுமா படுத்திருந்தாள்? ஒரு பெயரும் வராவிட்டால் எல்லாத் தோணியும் வந்துவிட்டதாகத்தானே மதிலுக்கு வெளியே நிற்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்? ரேஷனில் வரிசை நின்று வாங்கிய அரிசியைக் கூடுதலாக ஒரு பிடி உலையில் போட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதை நினைத்ததும் எனக்குக் கோபம் வந்தது. ரெஜினாவின் காலை அவளைக் கேட்காமல் எடுக்க என் வாயை இரவல் கேட்கிறார்கள். என் வாய் இரவலுக்கு இல்லை.

ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி மெஷின் பக்கத்தில் வேர்த்து விறுவிறுத்து நின்றார். அவருடைய பிழைப்பே அந்த மெஷின்தான்.

"பேசினா வேலை போகும், மெஷினும் போகும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் சும்மா இருந்தா எல்லாத் தோணியும் வந்துட்டுன்னு ஆயிரும் சார். அது பொய்யி. சட்டத்துல பொய் சொல்லணும்னு எழுதியிருக்கா?" என்று கேட்டுவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தேன்.

அண்ணாச்சி இன்ஸ்பெக்டரையும் பார்த்தார், மெஷினையும் பார்த்தார். "போனாப் போட்டும்மா. பேசு" என்று மெஷினின் திருகைத் திருப்பினார்.

"இன்னும் வராத தோணிகள்" என்று ஆரம்பித்தேன். "ரஹ்மத், வரவில்லை. சம்மனசு மிக்கேல், வரவில்லை. அன்னம்மாள், வரவில்லை."

நான் கடைசிப் பெயரைச் சொல்லி முடித்த பிறகுதான் இன்ஸ்பெக்டருக்குச் சரியான கம்பி அகப்பட்டது, பிடுங்கினார். குழாய்கள் எல்லாம் ஒரு தடவை கரகரத்து ஓய்ந்தன. பெரிய டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. "அவளைக் கொன்னுட்டே" என்றார்.

பெண்கள் வார்டுக்கு ஓடினேன். ரெஜினா இந்தத் தடவை சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கவில்லை. நான் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வரலையாளா?" நர்ஸம்மா என்று கூப்பிடுகிறவள் முதல் தடவையாக என்னைத் தோழி மாதிரி 'ளா' போட்டுக் கேட்டாள்.

"வரல. தண்டல் இப்பதான் கரையில இருந்து வந்தாரு."

அவள் கால் கட்டின் மேல் மொய்த்த ஈயை நான் விரட்டிக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"வந்துட்டுன்னு நீ சொல்லியிருந்தா, அவரு மொகத்தப் பாத்துட்டு வெட்டிக்கிடலாம்னு வழியப் பாத்துக்கிட்டே கெடந்திருப்பேன். எவன் வந்து என்ன சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன்" என்றாள். பிறகு முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். "நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு கெடந்தது போதும். வரலைன்னா, அவரு வாரன்னிக்கு வீட்டுல ஆளு இருக்கணும்லா. டாக்டர வெட்டச் சொல்லு."

"ஒங்க வழக்கம்?"

"வழக்கம் உண்டாக்குனவளுக்குக் கால் அழுகலல்லா!"

மறுநாள் காலையில் ஆபரேஷன் நடந்தது. ரெஜினா பிழைத்தாள். பெரிய டாக்டர் அதை அதிர்ஷ்டம் என்றார். நான் அவரோடு வாதம் செய்யவில்லை. சண்டைக் காலத்தில் நர்ஸ் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் என் வேலை போகவில்லை, பாத்திரம் கழுவுகிற பக்கம் மாற்றினார்கள். கழுவினேன்.

குழாய் இல்லாத நாட்கள்

மெஷினையும் குழாய்களையும் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியே ஓசையற்றுக் கிடந்தது. அப்படி விட்டுவிட முடியுமா? ஆண்கள் வார்டுக்குக் கஸ்பார் தண்டலும், பெண்கள் வார்டுக்கு நானுமாக, கட்டில் கட்டிலாக நடந்து வாயாலேயே சொன்னோம். மைக்கைக் கண்டால் ஒட்டிக்கொள்கிற தண்டலின் நாக்கு, மைக் இல்லை என்றதும் பிரமாதமாகப் பேசியது.

ரெஜினா கக்கத்தில் கட்டை ஊன்றி நடக்கப் பழகினாள். நடக்க வந்ததும் பெண்கள் வார்டை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போன பிறகும் மாலையில் வந்துவிடுவாள். ரஹ்மத் வந்தது. அன்னம்மாள் பாய் கிழிந்து வந்தது. சம்மனசு மிக்கேல் வரவில்லை. தன் வாயாலேயே அதைத் தினமும் சொன்னாள்.

தெருப் பெண்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். ஆள் கடலில் இருக்கும்போது இவள் காலை வெட்டிக்கொண்டாள், அதனால்தான் தோணி முங்கிப்போயிற்று என்று. மறைவில் இல்லை, தண்ணீர்க் குழாயடியில் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவள் குடத்தை நிரப்பி, ஒரு கையில் கட்டையும் மறு கையில் குடமுமாக அவர்கள் நடுவிலேயே நடந்து போவாள். எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும்.

சண்டை ஓய்ந்து வெகு நாள் கழித்துத்தான் மெஷின் திரும்பி வந்தது. உப்புக் காற்றில் துருப்பிடித்து, உள்ளே எலி குடும்பம் நடத்திய மெஷின். அண்ணாச்சி அதைத் துடைத்து, வால்வு மாற்றி, மறுபடியும் மரத்துக்கு மரம் கம்பி இழுத்தார். பழைய அறையில் எல்லோரும் கூடினோம். பெரிய டாக்டரும் வந்திருந்தார். யார் பேசுவது என்று ஒருவரும் கேட்கவில்லை. ரெஜினாதான் ஸ்டூலில் போய் உட்கார்ந்தாள்.

உட்காருவதற்கு முன்னால், "அண்ணாச்சி, வெளியில உள்ள குழாய எங்க தெருவப் பாத்துத் திருப்புங்க" என்றாள். அவர் ஏணி போட்டு ஏறித் திருப்பிவிட்டு வந்தார். மதிலுக்கு வெளியே பழையபடி கூட்டம் சேர்ந்திருந்தது. குழாயடியில் பேசிய பெண்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

பெரிய டாக்டர் குனிந்து, உண்மையான பரிவோடுதான் சொன்னார். "அந்தப் பேர் மட்டும் இன்னிக்கு வேண்டாமே, ரெஜினா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"முங்குனத யாரு பாத்தா டாக்டர்? நீங்க பாத்தியளா? பாக்காததச் சொல்லணும்னா எங்க தண்ணிக் குழாயடிக்குப் போங்க. இது ரேடியோ."

கட்டையைச் சுவரில் சாய்த்தாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் வராத தோணிகள்" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. "சம்மனசு மிக்கேல், வரல."

அண்ணாச்சி திருகை இன்னும் கொஞ்சம் திருப்பி ஒலியைக் கூட்டினார்.